துக்க வீட்டில் ஒரு குளிர்பானப் பேழை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளே. மின்விசிறி இந்த மூலைக்குத்தான் காற்றை அனுப்புகிறது. தள்ளி உட்கார்ந்தால் காற்றும் கிடைக்காது, கதையும் கிடைக்காது. ஒரு பெட்டியின் கதை சொல்லப்போகிறேன். நடுவில் சிரிப்பு வரும், சிரித்துவிடுங்கள். அழுகை வந்தாலும் வரும். அப்போது பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூரில், லஸ் முனையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் சந்து ஒன்றில், மாடி வீட்டில் வெங்கடரமணன் என்று ஒருவர் குடியிருந்தார். மனைவி நீரஜா, பிளஸ் ஒன் படிக்கிற மகள் ஜானு, அவ்வளவுதான் குடும்பம். வெங்கடரமணனுக்குத் தாழ்ப்பாள் தர நிர்ணயக் கழகத்தில் வேலை. அப்படியும் ஒரு கழகமா என்று கேட்காதீர்கள். ஊரில் கதவு இருந்தால் தாழ்ப்பாள் இருக்கும், தாழ்ப்பாள் இருந்தால் அதைச் சோதித்து முத்திரை குத்த ஓர் அரசு நிறுவனம் இருக்கத்தானே வேண்டும். தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் அவர்களுக்குச் சொந்தக் கட்டடம். அந்தக் கட்டடத்தின் கழிவறை எதிலும் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவர்கள் பாடிக்கொண்டே இருக்கவேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தேசம் கதவைத் திறந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. கதவைத் திறந்தாகிவிட்டது என்றால் தாழ்ப்பாளுக்கு என்ன வேலை என்று டெல்லியில் யாரோ கேட்டுவிட்டார்கள். உடனே கழகத்தின் நிர்வாக இயக்குநர் வெளிநாட்டுத் தாழ்ப்பாள்களைப் பார்த்துவரக் கிளம்பினார். போனவர் தாழ்ப்பாளைப் பார்த்தாரோ இல்லையோ, ஒரு வீட்டுக் கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் இருந்த குட்டிக் குளிர்பெட்டியைப் பார்த்துவிட்டார். இடுப்பு உயரம், சிவப்பு வண்ணம், கண்ணாடிக் கதவு, வெள்ளி மாதிரி மின்னும் கைப்பிடி. உள்ளே விளக்கு. விளக்கின் கீழே பாட்டில்கள் சாமி சந்நிதியில் நிற்கிற மாதிரி வரிசையாக நின்றன. வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி எடுத்து விருந்தாளிக்குக் கொடுத்தாராம்.

இயக்குநர் ஊருக்கு வந்த கையோடு ‘இல்ல விருந்தோம்பல் மேம்பாட்டுத் திட்டம்’ பிறந்தது. இனிமேல் அதிகாரிகள் ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கும், வருகிறவர்கள் குளிர்ந்து போவார்கள், கழகத்தின் பெயர் ஓங்கும். அதைப் பிரிட்ஜ் என்று சொல்லக்கூடாது. ‘குளிர்பானப் பேழை’ என்றுதான் சொல்லவேண்டும். கூட்டத்தில் வாய் தவறி பிரிட்ஜ் என்ற ஒருவரை எழுப்பி நிறுத்தித் திருத்தினார்கள்.

பாட்டில்கள் கழகத்து வேனில் வரும். விருந்தாளிகள் குடிக்கவேண்டும். காலி பாட்டில்கள் திரும்பிப் போகவேண்டும். வீட்டு மனிதர்கள் தொடக்கூடாது. காலி பாட்டில் வராத வீட்டுக்காரர் உபசரிக்கத் தெரியாதவர் என்று முடிவாகும். அவருக்கு வடக்கே, ரயில் மாறி ரயில் மாறிப் போகவேண்டிய ஓர் ஊரில் இருக்கிற கிடங்குக்கு மாற்றல். அங்கே விருந்தாளியும் வரமாட்டான், குடும்பத்தை வைத்துக்கொள்ள வீடும் கிடையாது.

வெங்கடரமணன் வருஷக்கணக்காகத் தாழ்ப்பாளைத் திறந்து மூடி, திறந்து மூடிச் சோதித்துக்கொண்டிருந்தவர். அந்த வருஷம்தான் அதிகாரியானார். அவர் வீட்டில் அதுவரை குளிர்பெட்டி எதுவும் இருந்ததில்லை. பேழை வரப்போகிறது என்றதும் நீரஜாவுக்குக் கொண்டாட்டம்.

"அதுல பன்னீர் சோடா இருக்குமோன்னா?"

"இருக்கும். ஆனா நம்ம குடிக்கப்படாது. ஆத்துக்கு வரவாளுக்கு மட்டும்தான்."

"அவ்வளவுதானே. ஒரு நாள் நான் வாசல்ல போய் நின்னுண்டு பெல் அடிக்கறேன். நீங்க கதவைத் திறந்து, வாங்கோ மாமி, உக்காருங்கோ, என்ன சாப்பிடறேள்னு கேளுங்கோ."

ஜானு விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, அதுக்கு நீ நல்ல புடவை கட்டிண்டு வரணும். ஆத்துப் புடவையில வந்தா அப்பா சந்தேகப்படுவார்."

பேழை கப்பலில் வந்துகொண்டிருந்தபோது நீரஜாவுக்கு மஞ்சள் காமாலை கண்டது. பங்குனி வெயில். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். எதற்கும் நோய் கட்டுப்படவில்லை, நீரஜா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டு, கூடத்தில் படத்தை மாட்டிய மறுநாள் காலையில் பேழை வந்து இறங்கியது. படத்துக்கு நேர் கீழேதான் மின்சாரப் பிளக் இருந்தது. அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள். அதன் உள்விளக்கு அணையவே அணையாது. கண்ணாடி வழியாக மேலே ஏறி நீரஜாவின் முகத்தில் சிவப்பாக விழும்.

"நம்மாத்துல இந்தப் பொட்டி ஒண்ணுதான் பளிச்சுனு இருக்கு" என்றாள் ஜானு.

துக்கம் கேட்க ஜனங்கள் வந்த வண்ணம் இருந்தார்கள். நீரஜா எல்லோரிடமும் பேசுகிறவள். கறிகாய்க்காரி முதல் கபாலி கோயில் பூக்காரிவரை அவளுக்கு சிநேகம். வந்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், அழுதார்கள், சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், எழுந்து போனார்கள். உங்களுக்கே தெரியும், துக்கம் கேட்கப் போன வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள். பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாது. வெளியே வெயில் கொளுத்தியது. நாக்கு வறண்டு வந்தவர்கள் வறண்ட நாக்கோடுதான் போனார்கள். அவர்கள் கண்ணுக்கு எதிரே பாட்டில்கள் வேர்த்து வேர்த்து நின்றன.

கழகத்து வேன் வந்தது. ஒரு காலி பாட்டில்கூட இல்லாமல் திரும்பிப் போனது.

வெங்கடரமணனை அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் விருந்தோம்பல் ஆய்வு அதிகாரி ராஜரத்தினம். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. விதி என்று ஒன்று இல்லாவிட்டால் அவருக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே தெரியாது, அவ்வளவுதான்.

"உங்க மனைவி தவறிப்போனது கழகத்துக்குத் தெரியும் சார். ரொம்ப வருத்தம். உக்காருங்க. ஒரு பாட்டில்கூட காலியாகலையே, ஏன்? விருந்தாளிங்க யாரும் வரலையா?"

"நிறைய பேர் வரா சார். எல்லாரும் துக்கம் கேக்க வரவா. அவா எதுவும் குடிக்கமாட்டா. நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரியுமே."

ராஜரத்தினத்துக்கு முதல் வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. முகம் மலர்ந்தது.

"நிறைய பேரா? சார், நீங்க கொடுத்து வச்சவர். மத்த ஆபீசருங்க ஆள் கிடைக்காம தெருத்தெருவா அலையறாங்க. அடையாறுல ஒருத்தர், கேபிள் டிவி பில்லுக்கு வந்த பையனை உள்ள இழுத்து உக்காரவச்சு ஆரஞ்சு குடுத்திருக்காரு. இன்னொருத்தர் எதிர்வீட்டுக்காரரோட ஒப்பந்தம் போட்டிருக்காரு. இவர் வீட்டுல அவர் குடிக்கறாரு, அவர் வீட்டுல இவர் குடிக்கறாரு, ரெண்டு பேருக்கும் இப்ப சர்க்கரை வியாதி. உங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்ல. தானா வர்றாங்க. அந்தக் கூட்டத்தைப் போய் வீணடிக்கறீங்களே."

"சார், அவா அழ வரா."

"அழட்டும். நான் அழ வேணாம்னு சொல்லலையே. அழுதா தொண்டை வறளும். துக்கம் உங்க சொந்த விஷயம், அதுல கழகம் என்னைக்கும் தலையிடாது. தாகம் கழகத்தோட விஷயம்."

அதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்திருந்தால் நீங்கள் சொல்லியிருக்கலாம். வெங்கடரமணன் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜரத்தினமே வீட்டுக்கு வந்துவிட்டார். நேரில் பார்த்துக் குறையைக் கண்டுபிடிக்கப் போகிறாராம். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பேழையைப் பார்த்ததும் திருப்தி. அண்ணாந்து படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"சார், தப்பா நினைக்காதீங்க. அம்மா படத்தை உள் ரூமுக்கு மாத்திடலாமே. வர்றவங்க முதல்ல அதைத்தான் பாக்கறாங்க. மனசு சுருங்கிடுது. பேழைப் பக்கம் கண்ணே போகமாட்டேங்குது."

"படத்தை எடுத்துட்டா" என்றாள் ஜானு, "எதுக்கு வந்தோம்னே அவாளுக்கு மறந்து போயிடும் சார்."

"அதான் பாப்பா நமக்கு வேணும்" என்றார் ராஜரத்தினம், சந்தோஷமாக.

படத்தை எடுக்க வெங்கடரமணன் சம்மதிக்கவில்லை. ராஜரத்தினம் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்து, பேழைக்குப் பக்கத்தில், படத்துக்குக் கீழே ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் நீரஜாவோடு பாட்டு கிளாசில் கூடப் பாடிய மாமிகள் வந்தார்கள். ஊரில் இல்லாததால் முன்னால் வரமுடியவில்லை. வாசலிலேயே அழுகை தொடங்கிவிட்டது. உள்ளே வந்து படத்தைப் பார்த்ததும் ஒருத்தி ஜானுவைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள்.

"ஆரஞ்சா, எலுமிச்சையா?" என்று ஒரு குரல் கேட்டது.

மாமிகள் திரும்பினார்கள். படத்துக்கு அடியில் ஒரு மனிதர், சபாரி சட்டையில், இரண்டு கையிலும் இரண்டு பாட்டில்களோடு.

"பன்னீரும் இருக்கு" என்றார் அவர்.

"இவர் நீரஜாவுக்கு என்ன வேணும்?" என்று ஒரு மாமி மெல்லக் கேட்டாள்.

"நான் கழகம்மா" என்றார் ராஜரத்தினம்.

மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கண்ணில் புதிதாக நீர் கட்டியது. "நீரஜாவோட பெரியப்பா போல இருக்கு. துக்கம் தாங்காம பேதலிச்சுடுத்து பாவம்" என்று பக்கத்து மாமியிடம் சொல்லிவிட்டு, கிட்டே போய் அவர் கையிலிருந்த பாட்டில்களை வாங்கிக் கீழே வைத்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசைத் தேத்திக்கணும். நீங்களே இப்படி ஆயிட்டா கொழந்தை என்ன பண்ணுவா? வேளாவேளைக்கு சாப்பிடுங்கோ."

ராஜரத்தினத்தின் கையை அப்படிப் பிடித்துக்கொண்டு சாப்பிடச் சொல்லி யாரும் பேசி எத்தனையோ காலம் ஆகியிருக்கவேண்டும். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். மாமிகள் போனபிறகு, "விருந்தாளிங்க பேழைகிட்ட வந்தாங்க. பாட்டிலைக் கையால தொட்டாங்க. முன்னேற்றம்தான்" என்றார்.

பக்கத்து வீட்டு ஜமீலுன்னிசா மத்தியானம் வந்தாள். நீரஜா போன நாளிலிருந்து அவள் ஒரு வேளை தவறவிடவில்லை. ஐயங்கார் வீட்டில் தன் சமையலைக் கொடுக்க முடியாது என்று தெரியும். அதனால் வாழைப்பழமும், பூண்டு வெங்காயம் அண்டாத அடுப்பில் காய்ச்சிய பாலும் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு, "பாப்பாவ குடிக்கச் சொல்லுங்க பாய்" என்பாள். நீரஜாவின் புருஷனை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்கு வேறு வார்த்தை இல்லை. அவருக்கும் அது பழகிவிட்டது.

ராஜரத்தினம் பாலைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், திகைத்துப் போனார்.

"என்ன சார் இது? விருந்தாளி வீட்டுக்காரருக்குக் குடுக்கறாங்க. எதிர்த்திசையில இல்ல போகுது உபசரிப்பு. அம்மா, நீங்க இதெல்லாம் கொண்டாரக்கூடாது. நீங்க வந்து உக்காந்து இங்க இருக்கறதைக் குடிக்கணும்."

"எப்டி சார்?" என்றாள் ஜமீலுன்னிசா. "மவுத்தான ஊட்ல, சாவு உழுந்த ஊட்ல வந்து நான் சர்பத் குடிக்கவா? எங்கள்ல அடுப்பே மூட்ட உடமாட்டோம் அவங்கள. அண்ட அயலு நாங்கதான் குடுத்தனுப்பணும். உங்க பக்கம் எப்டி?"

"எங்க பக்கமும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக வருத்தப்பட்டார் ராஜரத்தினம். கிளம்பும்போது, அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி என்றார். ஒருத்தராவது குடிக்கவேண்டும். சும்மா குடித்தால் போதாது, முகமலர்ச்சியோடு குடிக்கவேண்டும், திட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் வடக்குக் கிடங்கு.

அன்று சாயங்காலம் ஜானு அப்பாவிடம் சொன்னாள். "எல்லாத்தையும் வாஷ்பேசின்ல கொட்டிடலாம்ப்பா. காலி பாட்டிலைக் குடுத்துடலாம்."

"குடிக்கறதை அவர்தான் எதிர்ல உக்காந்துண்டு பாக்கப்போறாரே."

"அப்ப நீ போயிடுவியா? நான் மாமாவாத்துல இருக்கணுமா?"

வெங்கடரமணன் மடக்கு நாற்காலியை மடித்துச் சுவரில் சாய்த்தார்.

"அவாத்துல எல்லாரும் நல்லவாதான். ஆனா அம்மா பத்தி நான் யாரண்ட பேசறது? அம்மா பேர் சொன்னாலே மாமா அழுதுடறார். நீ ஒருத்தன்தான் அழாம கேட்டுக்கறே."

அவர் அழாமல் இருந்தது தைரியத்தால் அல்ல. அழுகை எங்கேயோ மாட்டிக்கொண்டு வரவேயில்லை. அதை மகளிடம் எப்படிச் சொல்வார்.

அந்த மாமா, நீரஜாவின் அண்ணா ராமானுஜம், மேற்கு மாம்பலத்தில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஆசாரம் என்றால் அப்படி ஓர் ஆசாரம். வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். எங்கே போனாலும் மஞ்சள் பையில் தன் வீட்டுத் தண்ணீர் ஒரு செம்பில் கூடவே வரும். சோடா பாட்டில் என்பதை ஆயுசில் கையால் தொட்டதில்லை. தங்கை போனபிறகு வாரம் தவறாமல் வந்து, படத்துக்கு எதிரே உட்கார்ந்து, தன் செம்பைக்கூடத் திறக்காமல் எழுந்து போவார். விஷயத்தை ஜானுதான் அவரிடம் போய்ச் சொன்னாள். அவளை அப்பா அனுப்பவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை. ராஜரத்தினம் மடக்கு நாற்காலியில் காத்திருந்தார். வெயில் ஏறியது. ஒருவரும் வரவில்லை. துக்கம் கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள் போலிருந்தது.

அப்போது ராமானுஜம் வந்தார். கையில் மஞ்சள் பை இல்லை.

படத்தைப் பார்க்காமல் நேராகப் பேழைக்கு முன்னால் வந்து நின்றார். "இதுல எதை ஓய் குடிக்கணும்?"

"உங்க விருப்பம் சார். ஆரஞ்சு, எலுமிச்சை, பன்னீர். நீங்க விருந்தாளிதானே?"

"என் தங்கையாத்துக்கு வந்திருக்கேன். நான் விருந்தாளி இல்லேன்னா வேற யாரு."

"அண்ணா, வேண்டாம்" என்று வெங்கடரமணன் எழுந்தார்.

"மாப்ளே, நீங்க உக்காருங்கோ. நான் உங்களைப் பாத்துப் பேசினேனா? இவரோடன்னா பேசிண்டிருக்கேன்."

ராஜரத்தினம் பன்னீர் சோடாவைத் திறந்து கொடுத்தார். ராமானுஜம் வாங்கிக்கொண்டு, பாட்டிலில் வாய் படாமல் அண்ணாந்து ஊற்றினார். பழக்கமில்லாத தொண்டை. கேஸ் மூக்கில் ஏறியது. புரையேறி, இருமி, கண்ணெல்லாம் சிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார். ஜானு முதுகைத் தடவ ஓடினாள். கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு மறுபடி அண்ணாந்தார். பாட்டில் காலியாகிறவரை கூடத்தில் அந்த விழுங்குகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

"நல்லது சார்" என்றார் ராஜரத்தினம். "எச்சில் பண்ணாம குடிச்சது பத்தி ஆட்சேபணை இல்ல. முகம் மட்டும் கொஞ்சம் மலரணும்."

"என்ன பண்ணணும்?"

"சிரிக்கணும் சார். லேசா போதும்."

ராமானுஜம் அவரைப் பார்த்தார். ஜானுவைப் பார்த்தார். பிறகு, தங்கை படத்துக்கு எதிரே நின்றுகொண்டு சிரித்தார். மேலும் கீழும் பல் தெரிய, நன்றாகவே சிரித்தார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் ஜானு சமையலறைக்குள் போய்விட்டாள்.

"போறுமா?"

"போதும் சார். அருமை."

பாட்டிலைப் பேழையின் மேல் வைத்துவிட்டு ராமானுஜம் படியிறங்கிப் போனார்.

வெங்கடரமணன் தேறிவிட்டார். தேறினார் என்றால் சாதாரணத் தேர்ச்சி இல்லை. கழகத்து மாநாட்டு அறையில் கூட்டம் போட்டுச் சால்வை போர்த்தினார்கள். ராஜரத்தினம் பேசினார்.

"பெரியோர்களே, கல்யாண வீட்டுல உபசரிக்க யாராலும் முடியும். பொறந்தநாள் வீட்டுல உபசரிக்க குழந்தையால முடியும். ஆனா துக்கம் நடந்த வீட்டுல, சம்பந்தப்பட்டவரோட சொந்த அண்ணனையே குளிர்பானம் குடிக்கவச்சு சிரிக்கவும் வச்சவர் நம்ம வெங்கடரமணன். என் ரெண்டு கண்ணால பாத்தேன். இதுல இருந்து கழகம் ஒரு பாடம் கத்துக்கிட்டிருக்கு. துக்கம் ஒரு தடையே இல்ல. சரியா பயன்படுத்தினா அது ஒரு வாய்ப்பு."

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு நிர்வாக இயக்குநர் எழுந்து நல்ல செய்தியை அறிவித்தார். இப்படிப்பட்ட திறமையைச் சென்னையில் பூட்டி வைக்கக்கூடாது. இந்தக் கலை எங்கே குறைவாக இருக்கிறதோ அங்கே போய்ச் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஆகவே வெங்கடரமணனுக்குப் பதவி உயர்வு, வடக்குக் கிடங்குக்கு விருந்தோம்பல் பயிற்றுநராக.

வெங்கடரமணன் சால்வையோடு எழுந்து நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"சார், எனக்கு பழைய மேஜையே குடுத்துடுங்கோ."

"எந்த மேஜை?"

"தாழ்ப்பாள் சோதிக்கிற மேஜை. அதிகாரி உத்தியோகம் வேண்டாம். எனக்கு விருந்தாளி யாரும் வேண்டாம் சார். என் பொண்ணு போறும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ராஜரத்தினம் கிட்டே வந்து, "சார், நல்லா யோசிச்சுப் பாருங்க. பேழையைத் திருப்பி எடுத்துக்குவாங்க" என்றார் உண்மையான கவலையோடு. அதைவிடப் பெரிய நஷ்டம் அவருக்குத் தோன்றவில்லை.

பழைய மேஜையைக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு விதியில் இடம் இருந்தது. மேலே போவதற்குத்தான் கழகத்தில் கெடுபிடி, கீழே இறங்குவதை யாரும் தடுப்பதில்லை.

இந்தச் செய்தியைச் சொல்ல வெங்கடரமணன் மேற்கு மாம்பலத்துக்குப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ராமானுஜம் மயிலாப்பூர்ப் பக்கம் வரவேயில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, எல்லாவற்றையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"கொழந்தை உங்களண்டதான் இருப்பாளோன்னோ?"

"இருப்பா அண்ணா. நீங்க பண்ணினதாலதான். ஆத்துக்கு வாங்கோ. ஜானு தினம் கேக்கறா."

ராமானுஜம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"குடிச்சது கூடப் பரவாயில்லை மாப்ளே. பிராயச்சித்தம் எதாவது இருக்கும். அவ படத்துக்கு முன்னாடி நான் சிரிச்சுட்டேன். அவ பாத்துண்டிருந்தா. இனிமே அந்த எடத்துல வந்து எப்படி நிப்பேன்? ஜானுவை இங்க அழைச்சுண்டு வாங்கோ. என்னை அங்க கூப்பிடாதேங்கோ."

வெங்கடரமணன் அதற்குமேல் கூப்பிடவில்லை. சில சிரிப்புக்கு மருந்து கிடையாது, கண்ணுகளே.

பேழையை எடுத்துப்போக மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று வந்தது. கழகத்து வேன் பாட்டில்களை மட்டும்தான் ஏற்றுமாம், பேழையை ஏற்றுவது விதிக்கு விரோதமாம். வண்டிக்காரர் மெஹபூப் பாஷா ராயப்பேட்டைக்காரர். தோளில் துண்டு, கால்சட்டை மேல் மடித்துக் கட்டிய லுங்கி. பேழையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, பாக்க குட்டியா கீது, தூக்குனா எமகனமா கனக்குது. உள்ள இன்னாத்துக்கு லைட்டு? பாட்லுக்கு இருட்டுன்னா பயமா?"

ஜானுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. மெஹபூப் பாஷா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மாடிப்படியில் ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக இறங்கி, வண்டியில் வைத்துக் கயிறு கட்டினார். மறுபடி மேலே ஏறி வந்து வாசலில் நின்றார். சட்டை முழுக்க வேர்வை.

"பாப்பா, கொஞ்சம் தண்ணி குடும்மா. நாக்கு ஒட்டிக்கினு கீது."

ஜானு அப்பாவைப் பார்த்தாள். பங்குனிக்குப் பிறகு அந்த வீட்டில் வந்து தண்ணீர் கேட்டவர் யாரும் இல்லை. "பானைத் தண்ணிதான். பரவாயில்லையா?"

"பானைத் தண்ணிக்கு மேல இன்னாம்மா கீது."

பெரிய டம்ளர் நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் பாதிக்கு மேல் குடித்தார். துண்டால் வாயைத் துடைக்கும்போதுதான் பேழை இருந்த இடத்துக்கு மேலே கண் போனது. மாலை போட்ட படம். அவர் கை அப்படியே நின்றது.

"அம்மாங்களா பாப்பா?"

"ஆமா."

"சமீபத்துலயா?"

"பங்குனியில."

மெஹபூப் பாஷா கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். "தெரியாம கேட்டுக் குட்ச்சிட்டேன் சார். தப்பா எடுத்துக்காத" என்று டம்ளரை வாசற்படி ஓரமாக வைக்கக் குனிந்தார்.

"வைக்காதீங்கோ" என்றார் வெங்கடரமணன். குரல் உடைந்து வேறு யாருடையதோ மாதிரி வந்தது. "குடிங்கோ. அதுக்கு என்ன. பூராவும் குடிச்சுட்டுப் போங்கோ."

மெஹபூப் பாஷா நிமிர்ந்தார். வெங்கடரமணன் முகத்தைப் பார்த்தார், படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மிச்சத்தை அவசரமில்லாமல், ஒவ்வொரு வாயாகக் குடித்தார். "ஜில்லுனு கீது" என்றார். காலி டம்ளரை ஜானுவின் கையிலேயே கொடுத்தார். துக்கத்துக்கு வருகிறவர்கள் சொல்லிக்கொள்ளாமல்தானே எழுந்து போவார்கள். இவர் படியிறங்கும் முன்னால் திரும்பி, "வர்ட்டா பாப்பா, வர்ட்டா சார்" என்று சொல்லிக்கொண்டு போனார்.

வண்டியின் சத்தம் லஸ் பக்கம் தேய்ந்து மறைந்தது. வெங்கடரமணன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பங்குனியிலிருந்து எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்த அழுகை அப்போது வந்தது. ஜானு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அழுது முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதான் கதை. எழுந்து போவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், கண்ணுகளே. உங்கள் வீட்டுப் பானை வற்றாமல் இருக்கட்டும். உங்கள் வாசலுக்குத் தாகத்தோடு வருகிறவர்கள் வயிறு குளிரக் குடித்துவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போகட்டும். சொன்னபடியே திரும்பியும் வரட்டும்.